வாளிக்காரி என்பது நான்தான்

தோட்டப் பத்திரிகையின் ஆசிரியர் ஐயா அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் பத்திரிகையை இதுவரை ஒருமுறைகூடக் காசு கொடுத்து வாங்காத வாசகி எழுதிக்கொள்வது. இங்கு வலது முழங்கால் நீங்கலாக நான் நலம். தாங்களும், தங்கள் வீட்டாரும், தங்கள் அலுவலகத்தில் பிழை பார்க்கிறவரும் நலமாயிருக்க வேண்டும். இதில் பிழை இருந்தால் அவரைத் திருத்தச் சொல்லுங்கள். எழுத்தை மட்டும். விஷயத்தில் கை வைக்க வேண்டாம். நலம் விசாரித்தாயிற்று, இனி சண்டை.

சென்ற வாரம் பல் பிடுங்கப் போயிருந்தேன். உள்ளே யாரோ ஓர் ஆள் "ஐயோ, ஐயோ" என்று கத்திக்கொண்டிருந்ததால், மனதை வேறு பக்கம் திருப்பலாமென்று மேஜையில் கிடந்த தங்கள் பத்திரிகையைப் புரட்டினேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அப்படிப் படிப்பதால் ஒரு வரி உள்ளே போனால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும், எழுந்து போகாது. வாசகர்கள் யோசனை சொல்கிற பக்கத்தில் இப்படி இருந்தது:

"டாஃபடிலை வெட்டியதும் டூலிப்போடு ஒரே வாளியில் வைக்காதீர்கள். அதன் காம்பு விடுகிற கண்ணீர் டூலிப்பின் தலையைச் சாய்த்துவிடும். ஒரு பொழுது தனி வாளியில் நிற்கட்டும். வடிந்து முடிந்தபின் மற்ற பூக்களோடு சேர்த்துச் செண்டு கட்டலாம். ஆனால் காம்பை மறுபடி வெட்டாதீர்கள். வெட்டினால் மறுபடி வடியும். இப்படிக்கு, வாளிக்காரி."

ஐயா, வாளிக்காரி என்பது நான்தான். இதை நான் எழுதவில்லை.

அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டேன். கிழிக்கிற சத்தம் கேட்காமலிருக்கப் பலமாக இருமினேன். அங்கிருந்த பெண் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள், நல்ல பெண். அந்தப் பதற்றத்தில் பல்லைப் பிடுங்கிக்கொள்ளாமலே வீடு வந்துவிட்டேன். அது இன்னும் வலிக்கிறது. அந்தப் பாவமும் தங்கள் பத்திரிகை மேல்தான்.

எழுதியது யாரென்று எனக்குத் தெரியும். என் ஓர்ப்படி, அதாவது என் கொழுந்தன் பெண்டாட்டி. எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நாங்கள் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குப் பின்னால் கல்யாணச் செண்டுகளுக்கென்றே பூ வளர்க்கிற நிலம். குளிர் விட்டதும் எல்லாம் ஒன்றாகக் கண் திறக்கும். டூலிப், டாஃபடில், வாசனைப் பட்டாணி, வெங்காயம் மாதிரி இதழுக்குள் இதழாக இருக்குமே, வாயில் நுழையாத பேர், நாங்கள் அடுக்குப்பூ என்போம், அதுவும். நான் பூவுக்கு ஒரு வாளி கேட்பேன். ஏனென்றால் டாஃபடில் வடிக்கிற கோழை மற்ற பூக்களுக்கு ஆகாது என்று கண்டுபிடித்தவள் நான். என் மாமியார், "வந்துட்டாடி வாளிக்காரி, வீட்ல இருக்கிற வாளி பூரா இவளுக்குத்தான், நாம கையில ஏந்திக் குளிச்சுக்கலாம்" என்றார். அன்றிலிருந்து அதுவே என் பேர். அது நாங்கள் பூக் கட்டுகிற கொட்டகையைத் தாண்டி வெளியே போனதில்லை. மாமியார் போய்ச் சேர்ந்தார். என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். கொழுந்தன் பேனா பிடிக்கிற ஆள் இல்லை. மிச்சம் யார்? மேலும், நான் அதைக் கோழை என்பேன், கண்ணீர் என்று சொல்கிறவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். பூவுக்குக்கூட அழுகைதான் வரும் அவளுக்கு, சளி பிடிக்காது.

ஆகவே என் குறிப்பைத் திருடி, போதாததற்கு என் பட்டப்பேரையும் திருடியவளின் மேல் தாங்கள் நடவடிக்கை எடுத்து, அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிட வேண்டும். அடுத்த மாதம் கடைசி ஞாயிறு என் பேத்திக்குக் கல்யாணம். திருத்தம் அதற்கு முன் வந்தாக வேண்டும். நல்ல பெரிய எழுத்தில், அவள் கண்ணில் படுகிற மாதிரி. அதிலேயே கல்யாணத் தேதியையும் மண்டபத்தின் பேரையும் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. சும்மா, வாசகர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான்.

நீங்க நினைக்கலாம், ஒரு சின்னக் குறிப்புக்கு இந்தக் கிழவி இவ்வளவு குதிக்கிறாளேன்னு. ஐயா ஐயான்னு எழுதிக் கை வலிக்குது, தம்பின்னே சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. தம்பி, அந்தக் கொட்டகையை நீங்க பார்த்திருக்கணும். தகரக் கூரை. விடியுமுன்னே பனிக்குள்ள நாங்க ரெண்டு பேரும் இறங்குவோம். டாஃபடில் மொட்டு நிமிர்ந்து நிக்கும்போது வெட்டக்கூடாது, வாத்துக் கழுத்து மாதிரி லேசா வளையணும், அப்பத்தான் வெட்டணும். அவ ஒவ்வொரு மொட்டுக்கும் "வாத்தா அக்கா, இன்னும் குஞ்சா?"ன்னு கேட்பா. "கண்ணு இல்லையா உனக்கு?"ன்னு நான் கத்துவேன். "கண்ணு இருக்கு, தைரியம் இல்ல"ம்பா. விரல் விறைச்சுப் போச்சுன்னா சொல்லாம கொள்ளாம என் பின்கழுத்துல ரவிக்கைக்குள்ள கையை விட்டுடுவா. நான் போடுற கூச்சல்ல அடுத்த தோட்டத்து நாய் எழுந்துக்கும். என் கழுத்து அவளுக்கு அடுப்பு. இன்னைக்கும் அந்தப் பருவம் வந்து பனி இறங்கினா என் கழுத்து தானா சுருங்குது, தம்பி. யாரும் கை வைக்கிறதில்ல.

நான் வளர்க்கிற கை, அவ கட்டுற கை. நான் கட்டினா விறகுக் கட்டு மாதிரி இருக்கும், உள்ளதைச் சொல்லணும். அவ கயித்தைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, இடது கையில ஒரு பூவை நிறுத்தி, அதைச் சாய்ச்சு இன்னொண்ணு, அதைச் சாய்ச்சு இன்னொண்ணுன்னு சுத்திச் சுத்தி வைப்பா. வாயில கயிறு இருக்கிறதால அந்த நேரம் மட்டும்தான் வீட்ல அமைதி. முடிஞ்சதும் மேஜை மேல விட்டா செண்டு தன் கால்ல தானே நிக்கும். மாமியார் வந்து சுத்திப் பார்த்து, "சுமார்"ம்பார். அவர் வாயில சுமார்னா தங்க மெடல்னு அர்த்தம். அதையும் அவளுக்குத்தான் சொல்வார், எனக்கு ஒரு நாளும் சொன்னதில்ல. அதையும் நான் மறக்கல.

அப்புறம் பேக்கரிக்காரர் மகள் கல்யாணம் வந்துச்சு. மஞ்சளும் சிவப்புமா வேணும்னாங்க, டாஃபடிலும் டூலிப்பும். முதல் நாள் வெட்டித் தனித்தனி வாளியில நான் என் கையால வெச்சேன். விடிஞ்சு பார்த்தா ரெண்டும் ஒரே வாளியில. டூலிப் அத்தனையும் திட்டு வாங்கின பிள்ளைங்க மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. வண்டி வாசல்ல நிக்குது. பொண்ணோட அம்மா இடுப்புல கை வெச்சுக்கிட்டு நிக்குறா. "ஏண்டி சேர்த்து வெச்சே?"ன்னேன். "நானா? நீங்கதான் தூக்கக் கலக்கத்துல வெச்சிருப்பீங்க"ன்னா. அந்தம்மா முன்னாடி. "நீ கட்டுறது செண்டு இல்லடி, துடைப்பம்"னு நான் சொன்னேன். "உங்க கையில பூ மட்டுமா அக்கா வளருது, கோபமும்ல வளருது"ன்னு அவ சொன்னா. வெறும் டாஃபடிலை வெச்சு ஒரு செண்டு கட்டிக் கொடுத்துட்டு, கயித்தைத் துப்பிட்டு உள்ள போனா. அதோட பேச்சு நின்னுச்சு. ஒரே வீட்ல, ஒரே அடுப்புல. "உப்பு எங்கேன்னு கேளு"ன்னு அவ பூனைகிட்ட சொல்வா, "மேல இருக்குன்னு சொல்லு"ன்னு நான் பூனைகிட்ட சொல்வேன். அடுத்த குளிருக்குள்ள கொழுந்தனுக்குத் தொலைவுல ஒரு ஃபாக்டரியில வேலை கிடைச்சுப் போயிட்டாங்க. வண்டி கிளம்பும்போது அவ திரும்பிப் பார்த்தாளான்னு எனக்குத் தெரியாது, ஏன்னா நான் பார்க்கல. பூனை பார்த்துச்சு.

இதுக்கு மேல இருக்கு கூத்து. அவங்க போய்ப் பல வருஷம் கழிச்சு ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரர் டீயை ஊதிக்கிட்டே, "வண்டிச் சக்கரம் கழுவ ஒரு வாளி வேணும்னு நான்தான் அந்தப் பூவை இந்தப் பூவோட சேர்த்துச் சொருகினேன்"ங்கிறார். எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. "அப்பவே சொல்றதுக்கென்ன?"ன்னேன். "நீங்க ரெண்டு பேரும் பேசிட்டிருந்தீங்க, நடுவுல பேச வேணாம்னு பார்த்தேன்"ங்கிறார். தம்பி, அந்த மனுஷனோட நான் கடைசி வரைக்கும் நல்லாத்தான் குடும்பம் நடத்தினேன், ஆனா வாளியை மட்டும் தொட விட்டதில்ல.

தப்பு அவளோடது இல்லைன்னு தெரிஞ்சதும் கோபம் இறங்கிடுமா? பழகின கோபம், எங்க போகும்? கடிதம் எழுதல. பேச்சு இல்லைன்னா இல்லதான். வாசனைப் பட்டாணி விதையை மட்டும் ஒரு கவர்ல போட்டு அனுப்பினேன். விதை பேசினா பேசட்டும்னு. "இந்த முகவரியில் யாரும் இல்லை"ன்னு திரும்பி வந்துடுச்சு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் இருக்காளா இல்லையான்னே தெரியாது. பல் டாக்டர் மேஜையில உங்க பத்திரிகையைப் பார்க்குற வரைக்கும்.

இப்ப பேத்தி கல்யாணம். அவளுக்குக் கையில பிடிக்க எந்தச் செண்டு வேணும்னு கேட்டா, "டாஃபடிலும் டூலிப்பும், பாட்டி. நீ சொல்வியே, அந்தச் செண்டு"ங்கிறா. நான் திட்டுறதுக்காகச் சொன்ன கதையை அவ ஆசையா வெச்சுக்கிட்டிருக்கா. பூ தோட்டத்துல இருக்கு, கட்டத்தான் ஆள் இல்ல. என் மகன் டவுன்லேர்ந்து ஓர் அலங்காரப் பொண்ணைக் கூட்டிட்டு வந்தான், ஒத்திகை பார்க்க. கையில உறை, கழுத்துல பெயின்ட் கடைக்காரன் மாதிரி கலர் அட்டை. "இந்த மஞ்சள் கொஞ்சம் சத்தமா இருக்கு ஆன்ட்டி, இதைவிட மெதுவான மஞ்சள் இருக்கா?"ன்னு கேட்டா. "காதைப் பொத்திக்கோ"ன்னு சொன்னேன். நான் முழங்காலுக்குத் தைலம் தேய்க்க உள்ள போன நேரத்துல எல்லாத்தையும் ஒரே வாளியில போட்டுட்டா! கம்பி குத்தி, பச்சை டேப் சுத்தி, பெட்டியில வெச்சுட்டுப் போனா. மறுநாள் திறந்தா பாதி டூலிப் தலை தொங்குது, தப்பிச்ச மீதி டூலிப் வெட்டின பிறகும் வளர்ந்து செண்டுக்கு மேல ஒட்டகம் மாதிரி எட்டிப் பார்க்குது. டூலிப் அப்படித்தான், வெட்டினாலும் வளரும், அதுக்கு இடம் விட்டுக் கட்டத் தெரியணும். என் ஓர்ப்படி அது தெரிஞ்சு கட்டுவா. பேத்தி அந்தச் செண்டைக் கையில எடுத்துப் பார்த்துட்டு, "பரவாயில்ல பாட்டி, பேப்பர் பூ வாங்கிக்கலாம்"னா. பேப்பர் பூ! மூணு தலைமுறையாப் பூ வளர்க்குற வீட்ல! அவ சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா, ஆனா கண்ணு டாஃபடில் காம்பு மாதிரி இருந்துச்சு.

ஆகையால் ஆசிரியர் ஐயா அவர்கள் (கோபத்தில் தம்பி என்று எழுதிவிட்டேன், அப்படியே இருக்கட்டும்) என் மனவருத்தத்தை உணர்ந்து, மேற்படி குறிப்புக்கும் பேருக்கும் சொந்தக்காரி நானே என்று உடனே திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பத்திரிகை பூத்துக் குலுங்கட்டும். தங்கள் பிள்ளைகள் படித்து முன்னேறட்டும். தங்களுக்குப் பல்வலி வராமலிருக்கட்டும். கிழித்த பக்கத்துக்காகப் பல் டாக்டர் கேட்டு எழுதினால், என்னைத் தெரியாது என்று சொல்லிவிடவும்.

இப்படிக்கு,
உண்மையான வாளிக்காரி

பின்குறிப்பு: மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடவும். கவரை ஒட்டுமுன் பேத்தியிடம் படிக்கக் கொடுத்தேன். பிழை பார்க்கச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "பாட்டி, திருடுறவ யாராவது பொருளை எடுத்துட்டு, கீழே சொந்தக்காரி பேரை எழுதிவெச்சுட்டுப் போவாளா?" என்கிறாள். ஒரு வாரமாக அந்தப் பக்கத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை. அவள் என் பேரைத்தான் போட்டிருக்கிறாள். திருத்தம் வேண்டாம் தம்பி. அவள் முகவரி வேண்டும். முகவரி தரக்கூடாது என்று உங்கள் அலுவலகத்தில் சட்டம் இருந்தால், இத்துடன் வைத்திருக்கிற அழைப்பிதழை நீங்களே அவளுக்கு அனுப்பிவிடுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம், மூன்று வார்த்தை போதும். "இனி காம்பை வெட்டமாட்டேனாம்." அவளுக்குப் புரியும். வரும்போது கயிறு கொண்டுவர வேண்டாம், நான் வாங்கி வைத்திருக்கிறேன். வாளியும் தனித்தனியாக இருக்கிறது. காலையில் இங்கே இன்னும் பனி விழுகிறது என்பதையும் சொல்லுங்கள், அவள் விரல் சீக்கிரம் விறைத்துப்போகும்.