ஷேர் புரோக்கர் கைமேல் மாமனார் துண்டு

எல்லாம் தெரிந்த மாதிரி பேசுகிறவனுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டால், முதலில் மாட்டிக்கொள்பவர் மாமனார்தான். யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், அரியலூரில் வாத்தியார் வேலையிலிருந்த எனக்கும் அப்படி ஒருவர் அகப்பட்டார். கீழப்பழுவூர் விவசாயி. பத்திரிகையில் ஷேர் விலையைத் தினமும் படித்துப் படித்து, எனக்குள் ஒரு பெரிய முதலாளி உருவாகியிருந்தான் (சம்பளம் வந்த அன்றே மளிகைக் கடைக்குப் போய்விடும், அது வேறு விஷயம்). "மாமா, காளை கிழடாகும். மில் ஷேர் கிழடாகுமா?" என்று நான் போட்ட போட்டில், மனிதர் உழவு மாட்டு ஜோடியையே விற்றுவிட்டு வந்து நின்றார். திருச்சியில் ஒரு புரோக்கர் மூலம் ஷேர் வாங்கினோம்.

ஷேர் பத்திரம் வரவில்லை. மழை வந்துவிட்டது! ஊரெல்லாம் ஏர் பூட்ட, மாமனார் நிலத்தில் மட்டும் கோரை தலையெடுத்தது.

"அந்தாளு வெலை பேசறப்ப துண்டு போட்டானா? வெரலப் புடிச்சானா? என்ன தரகன் மாப்ள அவன்?" என்று குதித்தார். எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில், கையைத் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் தரகர் விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது.

"அவர் கோட்டுப் போட்டவர் மாமா. டெலிபோன் வச்சிருக்கார்" என்றேன்.

"டெலிபோனு ஏர் இழுக்குமா? கெளம்புங்க."

ரயிலேறினோம். "அங்கே நீங்க வாயே தொறக்க வேணாம் மாமா" என்று வழியெல்லாம் கெஞ்சினேன். திறக்கவில்லைதான். திருச்சியில் இறங்கியதும் நேரே புரோக்கர் ஆபீஸுக்குள் போனார். தோள் துண்டை எடுத்துப் புரோக்கரின் வலக்கைமேல் போட்டார். அடியில் கையை விட்டார்.

ஐயோ! அங்கே காத்திருந்த பெரிய மனிதர்களெல்லாம் எழுந்து நின்று பார்க்கிறார்கள். நான் கூனிக் குறுகிப்போய், "சார், மன்னிச்சிடுங்க..." என்று தமிழிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிக் குழறினேன்.

புரோக்கர் சிரித்தார். துண்டுக்கடியில் ஏதோ அசைந்தது. மாமனார் புருவம் ஏறிற்று. மறுபடியும் அசைந்தது. அட! கோட்டுக்காரர் விரலாலேயே பதில் சொல்கிறார்!

"எங்கப்பா மாட்டுத் தரகுதாங்க. சந்தையிலதான் வளந்தேன்" என்றார் குஷியாக.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா மாமா! அசல் தரகர்! நான் அன்னிக்கே சொல்லல?" என்று ஆபீஸ் அதிரக் கத்தினேன்.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். "கோட்டுப் போட்ட தொரையாச்சேன்னு கொஞ்சம் நம்பிக்கிட்டிருந்தேன். மாட்டுத் தரகன் மவனா நீங்க? அவங்க தில்லுமுல்லு எனக்குத் தெரியாதா? இனிமே ஒரு நிமிஷம் நம்ப மாட்டேன். பணத்தக் குடுங்க சார்!"

ஆபீஸே சிரித்தது, என்னைப் பார்த்து. பாவம், நேர்மையான மனிதர் அந்தப் புரோக்கர். அன்றைய விலைக்குத் தாமே ஷேரை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தந்தார். அடுத்த மாதமே விலை எகிறியது. பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு கீழப்பழுவூருக்கு ஓடினேன்.

மாமனார் உழுதுகொண்டிருந்தார். புதுக் காளைகள். ஒன்று தங்கம். மற்றது உழவென்றால் படுத்துக்கொள்ளும், கத்தல் மட்டும் ஊர் கேட்கும். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'மாப்ள'.

அவர் காலமாகிப் பல வருஷமாயிற்று. மச்சினன் வீட்டில் கத்துகிற காளைக்கு இன்றும் அதே பெயர்தான். விருந்துக்குப் போய் இலைமுன் உட்கார்ந்தேனோ இல்லையோ, "மாப்ளைக்குத் தவிடு வச்சாச்சா?" என்று தொழுவத்திலிருந்து குரல் கொடுப்பான். என் பேரப்பிள்ளைகளுக்குப் புரையேறிவிடும்.