மாடி அறையை ஒழித்து வை, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை. இந்த நான்கு வரிக்குள் மூன்று தடவை எழுந்து போய் என் பெண்ணின் அறைக் கதவில் காதை வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை அவளை உன்னிடம் அனுப்பலாம் என்றிருக்கிறேன். ஒரு வருடம் உன்னோடு இருக்கட்டும். பெண்கள் விடுதியில் இருபத்தெட்டு வருடம் காப்பாளராக இருந்து எத்தனையோ பேரை வழிக்குக் கொண்டுவந்தவள் நீ. மாடி அறையை ஒழித்து வை. பதினைந்து வயதுப் பெண், பள்ளி விட்டு வந்ததும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் உட்கார்ந்துவிடுகிறாள். திரையில் ஆள்மேல் ஆளாக விழுகிறான். காதில் எதையோ மாட்டிக்கொண்டு முகம் தெரியாத கூட்டாளிகளோடு பேச்சு வேறு. நேற்று எவளோ ஒருத்தியிடம், "பயப்படாத, நான் இருக்கேன்ல" என்று எவ்வளவு பிரியமாகச் சொன்னாள் தெரியுமா? என்னிடம் "சாப்டாச்சு", "தெரியும்ப்பா" இந்த இரண்டைத் தவிர வேறு பேசி மாதக்கணக்காகிறது. முன்பெல்லாம் செருப்பைக் கழற்றுவதற்குள் பள்ளிக்கூடத்தில் நடந்ததை எல்லாம் கொட்டிவிடுவாள். என் பெண் எனக்கு இல்லாமல் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது, அக்கா.

இந்த மாதிரி விளையாட்டு பிள்ளைகளை முரடாக்கிவிடும் என்று எங்கோ படித்ததிலிருந்து உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. பள்ளியின் மனநல ஆலோசகரிடம் ஓடினேன். அந்த அம்மாள் நிதானமாக, "அவசரப்படாதீங்க சார். பத்து நாள் வீட்ல என்ன நடக்குதுன்னு எழுதிட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்" என்று ஒரு தாளை நீட்டினார். கத்தல், எறிதல், உடைத்தல், கதவை அறைதல், எது நடந்தாலும் குறிக்க வேண்டும். நாள், செயல், செய்தவர், காரணம் என்று நான்கு கட்டம். என்னிடமா தாளைக் கொடுப்பது! பத்தொன்பது வருடமாக ஓட்டுநர் உரிமத் தேர்வில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிழை குறிக்கிறவன் நான். சொந்த மச்சான் சிவப்பு விளக்கைத் தாண்டியபோதே தயங்காமல் தோல்வி என்று எழுதியவன்.

முதல் நாளே அவள் அறையிலிருந்து, "பின்னாடி ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான், நான் பாத்துக்கறேன்" என்று குரல் கேட்க, நிஜமாகவே எவனோ புகுந்துவிட்டான் என்று குடையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தேன், நிலைவிளக்கு இரண்டாகப் போயிற்று. உடைத்தல், செய்தவர் அப்பா, காரணம் விளையாட்டு என்று அப்படியே எழுதினேன். மறுநாள் அவள் கையில் பிடித்து ஆடும் அந்தக் கருவியை யாருக்கும் தெரியாமல் அழுக்குத் துணிக்குள் ஒளித்தேன், என் மனைவி துணியோடு சேர்த்துச் சலவை இயந்திரத்தில் போட்டு ஓடவிட்டாள், அது கடகடவென்று சமையலறை வரை நகர்ந்து வந்து நின்றுவிட்டது, நான் கத்தினேன், "ஒளிச்சு வச்சவரு நீங்க, திட்டு எனக்கா?" என்று அவளும் கத்தினாள், ஆக, இயந்திரம் பழுதானதையும் சேர்த்து மூன்று பதிவு. பெண்ணோ திருப்புளியை எடுத்துக் கருவியைப் பிரித்துக் காயவைத்து, "பரவால்லப்பா" என்றாள். அந்தப் பொறுமைதான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது. இதையே நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனால், வண்டியோட்டிக் காட்ட வந்த பல் வைத்தியர் வலப்பக்கம் பார்க்காமல் திரும்பினார், நான் போட்ட சத்தத்தில் நட்டநடுச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கி நடந்தே போய்விட்டார். மேலதிகாரி கூப்பிட்டு விளக்கம் கேட்டார். அது வீட்டில் நடக்கவில்லைதான், ஆனாலும் நேர்மை என்று ஒன்று இருக்கிறதே, குறித்தேன். ஏழாம் நாள் மாடி வீட்டுத் தையற்காரம்மா படியிறங்கி வந்தார். துப்பாக்கிச் சத்தம் தாங்கவில்லை என்று சொல்லப்போகிறார், நமக்கு ஒரு சாட்சி கிடைத்தது என்று நாற்காலி போட்டேன். "அது பழகிடுச்சு சார். நீங்க கத்தும்போதுதான் தையல் கோணிக்கிட்டுப் போகுது" என்றார். அவர் போனதும் கதவை அறைந்து சாத்தினேன். அதையும் எழுதினேன்.

பார்த்தாயா, ஒரு விளையாட்டு ஒரு குடும்பத்தை எந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது! இன்றோடு பத்து நாள் முடிந்தது. நாளைக்குத் தாளைக் கொடுத்து, பெண்ணை வெளியூர் அனுப்பலாம் என்று ஆலோசகர் வாயாலேயே வாங்கிவிடுவேன். நீ அவளிடம் முகம் கொடுத்துச் சிரித்துவிடாதே, கண்டிப்பாக இரு. அத்தானுக்கு என் வணக்கம். அவர் முழங்கால் வலி நீங்கி நூறு வயது நடமாட வேண்டும்.

உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. இன்று ஆலோசகர் தாளைப் படித்தார். மொத்தம் இருபத்தாறு பதிவு. என் மனைவி பேரில் இரண்டு. பெண் பேரில் ஒன்றே ஒன்று: "கதவைச் சாத்தினாள், மெதுவாக." மீதி இருபத்து மூன்றுக்கும் நானே என் கையெழுத்தில் என்னைக் குறித்திருக்கிறேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வெளியூர் அனுப்பற யோசனை நல்லதுதான் சார். ரெண்டு வாரம் போதும். எப்ப கிளம்பறீங்க?" என்றார். ஆகவே சனிக்கிழமை நான் வருகிறேன், நான் மட்டும். முகம் கொடுத்துச் சிரிக்கலாம், தப்பில்லை. என் பெட்டியைப் பெண்ணே அடுக்குகிறாள். அடுக்கிக்கொண்டே, "தினம் ஆறு மணிக்கு ஃபோன் பண்ணுங்கப்பா. ஆட்டத்த ஏழு மணிக்குத் தள்ளி வச்சுட்டேன், ஸ்கூல்ல நடந்தது நிறைய சொல்லணும்" என்றாள். அத்தானிடம் சொல்லி வை, ஆறு மணிக்கு உங்கள் வீட்டுத் தொலைபேசியை வேறு யாரும் தொடக்கூடாது.