மருந்து பாட்டிலுக்கு வைத்த பொட்டு

அரூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அக்கா மகள் ஐஸ்வர்யாவுக்கு, தாய்மாமன் குப்புராஜ் எழுதுவது. இங்கே உன் அத்தை காவேரி, எருமைகள், நான் எல்லோரும் நலம். என் பெருங்குடலில் இருக்கும் புற்றுநோயை மட்டும் அந்த வரிசையில் சேர்க்கவில்லை. அது நலமாக இருக்கக் கூடாது அல்லவா? மற்றபடி எனக்குப் பயம் கிடையாது. அதை முதலில் குறித்துக்கொள்.

போன மாதம் சேலத்தில் உன் ஆய்வுக்கூடத்துக்கு வந்தேனே, அங்கே பிடித்தது வினை. குடல் புற்றுநோய்ச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த சத்தை ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் காட்டினாய். எல்லாம் சுருங்கிச் செத்துக் கிடந்தன. எனக்குப் புல்லரித்துவிட்டது. காலம் பூராவும் மூட்டை மூட்டையாக நான் விற்ற மஞ்சளுக்குள் இப்படி ஒரு சங்கதியா! "தட்டுலதாங்க மாமா செத்துச்சு. மனுஷன் வயித்துலயும் இப்படியே நடக்கும்னு இன்னும் யாரும் நிரூபிக்கலீங்க" என்று நீ சொன்னதும் காதில் விழுந்தது. விழுந்தது, நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நம் கொல்லையில் விளைந்த மஞ்சளை நானே அரைத்துச் சொம்பு சொம்பாகக் குடித்தேன். மருந்து ஏற்றும் நாளன்று கை, மீசை, வேட்டி எல்லாம் மஞ்சளாக ஆஸ்பத்திரியில் போய் நின்றால், நர்சம்மா பதறிப்போய்க் காமாலை என்று டாக்டரைக் கூப்பிட, அவர் ரத்தம் எடுக்கச் சொல்ல, இன்றைக்கு மருந்து கிடையாது என்று ஆகப்போன நேரத்தில் உன் அத்தை போட்டு உடைத்துவிட்டாள்: "காமாலையும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. மஞ்சளைக் கரைச்சுக் குடிச்சுப்புட்டு வந்து நிக்குதுங்க இந்த மனுஷன்!"

ரத்தத்தில் குறை ஒன்றும் இல்லை என்று தெரிந்து பாட்டிலைத் தொங்கவிடும்வரை டாக்டர் திட்டிக்கொண்டே இருந்தார். கண்டதைக் குடித்தால் அது கீமோ மருந்தோடு மல்லுக்கு நிற்கும் என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "செடி கொடின்னாலே உங்களுக்கு ஆகாதுங்களே" என்றேன். அவர் பாட்டிலைக் காட்டி, "இந்த மருந்துக்கு மூலமே ஒரு சீனத்து மரந்தாங்க. அதுல கண்டுபிடிச்ச சரக்கை மாத்திச் செஞ்சு, வருஷக்கணக்கா சோதிச்சு, அளவு பார்த்துத்தான் உங்க நரம்புல ஏத்துறோம்" என்றார்.

ஐஸ்வர்யா, இதைக் கேளேன். கண்காணாத தேசத்தில் சும்மா நின்றிருந்த ஒரு மரம், அரூர்க்காரன் குடலுக்குள் இறங்கி வேலை பார்க்கிறது! புது டிராக்டருக்கே பொட்டு வைக்கிறவர்கள் நாம். அத்தை பையிலிருந்த குங்குமத்தை எடுத்துப் பாட்டிலுக்கு ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டேன். நர்சம்மா ஸ்பிரிட் போட்டுப் பாட்டிலைத் துடைத்து, என் விரலையும் துடைத்து, சிரித்துக்கொண்டே போனார்.

இனிமேல் மஞ்சள் குழம்போடு சரி. நீ சகல வளமும் பெறவும், உன் தட்டில் உள்ளவை மட்டும் நாசமாகப் போகவும் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
பயமில்லாத மாமன்,
குப்புராஜ்.

பி.கு.: பயமில்லை என்று எழுதிய இடங்களையெல்லாம் அடித்துவிடு. அந்தத் தட்டுச் செல்கள் எப்போதோ ஒரு நோயாளியிடமிருந்து எடுத்தவை என்றாயே, அந்த ஆள் பிழைத்தாரா? அதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். பதில் எழுதாதே, உன் அத்தை பிரித்துப் படித்துவிடுவாள். வியாழக்கிழமை மருந்து ஏற்றுகிறார்கள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொல்.