பஞ்சநாதனின் சவாசனம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஜெயங்கொண்டம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்த அய்யம்பெருமாள் சொன்னது. அவர் பஞ்சநாதனுக்கு அடுத்த வீட்டுக்காரர். நடுச்சுவர் மெல்லிசு, ஜன்னலும் திறந்தே கிடக்கும், அதனால் நம்பலாம் என்றார்.

பஞ்சநாதன் ஜெயங்கொண்டத்தில் ஆபீஸ் குமாஸ்தா. வெள்ளைச் சட்டை தவிர வேறு போட மாட்டார். கோடை வந்தால் மீன்சுருட்டியில் மாமனாரின் முந்திரித் தோப்பு அவரைக் கூப்பிட்டுவிடும். உதிர்ந்த பழத்தைக் குனிந்து பொறுக்கி, கொட்டையைத் திருகிப் போட வேண்டும். மாப்பிள்ளையைக் கட்டிலில் உட்கார வைக்கிற வழக்கம் அந்த வீட்டில் முதல் வருஷத்தோடு சரி. பழச்சாற்றுக் கறை சட்டை கிழியும் வரை போகாது. இடுப்பு வலி அடுத்த கோடை வரை போகாது.

எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில், இனித் தோப்புப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று முடிவெடுத்தார். அரியலூரில் யோகா வகுப்பில் சேர்ந்தார்.

"ஏங்க, யோகான்னா என்னங்க?" என்றாள் மனைவி ஜெகதாம்பாள்.

"அது கடல். ஒடம்ப வளைச்சா ஹட யோகம். மூச்ச அடக்கினா பிராணாயாமம். சாமியையே நெனச்சா பக்தி யோகம். பலனை எதிர்பாக்காம ஒழைச்சா கர்ம யோகம்."

"அப்ப எங்கப்பா தோப்புல நீங்க பண்றது கர்ம யோகமா?"

பஞ்சநாதன் உஷாரானார். "அதெல்லாம் வேற ஆளுங்களுக்கு. என் ஒடம்புக்கு சவாசனம்தான்னு வாத்தியார் சொல்லிட்டாரு. கைகாலப் பரப்பி, மல்லாந்து, பொணம் மாதிரி கெடக்கணும். பேசக் கூடாது. பாதியில எழுந்தா நரம்பு இழுத்துக்கும்."

"ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை நீங்க பண்ணினது யோகான்னு தெரியாமப் போச்சேங்க!"

அன்றிலிருந்து குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குச் சரியாகச் சவாசனம் ஆரம்பமாகும். ஜெகதாம்பாள் முணுமுணுக்காமல் குடத்தோடு போனாள். ஒரு நாள் அரியலூர் போய்ப் பாத்திரம் வாங்கி வந்தாள்.

அடுத்த ஞாயிறு காலை அவள் தம்பி முத்துசாமி வந்தான். அப்போது பஞ்சநாதன் கூடத்தில் மல்லாந்திருந்தார்.

"மாமா ஏன்க்கா இப்படிக் கெடக்கறாரு?"

"மெதுவாப் பேசுடா. சவாசனம். இப்ப எழுந்தா நரம்பு இழுத்துக்கும்."

"தோப்புக்கு ஆளு பத்தல. வருவாரான்னு அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"நீயே கேளு. காது கேக்கும்."

முத்துசாமி குனிந்தான். "மாமா, லீவு போட்டுட்டு வரீங்களா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. வேற ஆளு பாத்துக்கறோம்."

பஞ்சநாதனின் இடது இமை துடித்தது. வாயைத் திறந்தால் சவாசனம் பொய்யாகிவிடும். நாளைக்கே குடத்தோடு குழாயடி, அதன் பிறகு எந்தச் சாக்கும் எடுபடாது. திறக்காவிட்டால் தோப்பு. யோசித்தபடியே கிடந்தார்.

"பாத்தியாடா? மறுப்பே சொல்லல. தங்கமான மனுசன்! மத்தியான பஸ்ஸுக்கு அழைச்சிட்டுப் போ. பழைய சட்டை எடுத்து வெச்சுட்டேன்."

பஞ்சநாதனின் கால் கட்டைவிரல் மட்டும் ஆடியதாம்.

"கட்டைவிரல் ஆடுதேக்கா?"

"அதுவும் ஆசனத்துல சேத்திதான்டா."

சீசன் முடிகிற வரை பஞ்சநாதன் கொட்டை திருகினார்.

விசாரிக்காமல் எழுத எனக்குப் பயம். நரம்பு விஷயத்தை அந்த அரியலூர் வாத்தியாரிடமே போய்க் கேட்டேன்.

"பாதியில எழுந்தா ஒண்ணும் ஆகாது தம்பி. ஒருக்களிச்சு மெதுவா எழுந்தாப் போதும்" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "போன கோடையில பாத்திரப் பையோட ஒரு அம்மா வந்தாங்க. அவங்களும் இதத்தான் கேட்டுட்டுப் போனாங்க."