மீசை வைத்த பிஸ்கட் குழந்தை

பிஸ்கட் பாக்கெட்டில் சிரித்துக்கொண்டிருந்த குழந்தைக்கு மீசை முளைத்திருந்தது. உற்றுப் பார்த்தால் காலாவதி தேதி.

“அது வாய்க்குக் கீழே, வெள்ளைக் கட்டத்துல விழணும் மாப்பிள்ளை,” என்றார் ஃபாக்டரி முதலாளியான மாமனார். மரியாதைக்குக் குறைவில்லை.

“தேதி அடிக்கிற மெஷினுக்கு வெளி ஆள் எதுக்கு மாமா? புரோகிராமை நானே எழுதித் தர்றேன்” என்று கல்யாணமான கையோடு மார்தட்டியவன் இந்தச் சின்ன மாப்பிள்ளை. பெல்ட்டில் குழந்தையின் தலை முன்னாக வரும் பாக்கெட்டை சென்சார் பார்க்கும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் ஒரு சின்னத் தாமதம். பிறகு மெஷின் மையைப் பீய்ச்சும். அந்தத் தாமதத்துக்காக மெஷினுக்குள் இருந்த சிப்பைச் சும்மா ஒன்று, இரண்டு என்று எண்ண வைத்திருந்தான்.

“எண்ணிக்கை பத்தலை மாமா.” கூட்டினான்.

மை பாக்கெட்டைத் தாண்டி வெறும் பெல்ட்டில் விழுந்தது.

“கொஞ்சம் கூடிப்போச்சு.” குறைத்தான்.

தேதி குழந்தையின் நெற்றிக்கு ஏறியது. பெல்ட் ஓட்டும் அக்கா ‘ச்சொ’ கொட்டினார்.

“லாரி வாசல்ல நிக்குது. பெரிய மாப்பிள்ளையைக் கூப்பிடட்டுமா?” என்றார் மாமனார்.

சகலை வந்து சரிசெய்துவிட்டால், ஆயுசுக்கும் குடும்பத்தில் இதுதான் பேச்சாக இருக்கும்.

“வேண்டாம் மாமா. புரோகிராமை இன்னும் வேகமா ஓட வைக்க ஒரு செட்டிங் இருக்கு.” தட்டினான்.

தேதி பாக்கெட்டின் உச்சி விளிம்பில் போய் உட்கார்ந்தது.

“இப்ப என்ன?”

“சும்மா எண்ணிட்டிருக்கறது வெட்டி வேலைன்னு, புரோகிராமை மெஷின் பாஷைக்கு மாத்துற கம்பைலர் அந்த வரியையே தூக்கிடுச்சு மாமா.”

“அந்தக் கம்பைலர் நல்ல ஆளா இருக்காரே. சூப்பர்வைசரா போட்டுக்கலாம் போல.”

கடைசியில் சிப்புக்குள்ளேயே இருந்த டைமரைப் பிடித்தான். இதில் கம்பைலர் கைவைக்க முடியாது. மெஷின் தகட்டில் பொறித்திருந்த பெல்ட் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டான், இரண்டு முறை சரிபார்த்தான்.

“இது தப்பவே தப்பாது மாமா.”

மாமனார் நம்பாமல், பாக்கெட் வரும் இடத்தில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தார். பாக்கெட் தப்பித்தது. அவருடைய வெள்ளைச் சட்டைக் கையில் காலாவதி தேதி பளிச்சென்று பதிந்தது.

நிதானமாகப் படித்தார்.

“இன்னும் ஆறு மாசம் குடுத்திருக்கீங்க. ரொம்ப நன்றி மாப்பிள்ளை.”

போனை எடுத்துப் பெரிய மாப்பிள்ளையின் நம்பரைத் தேட ஆரம்பித்தார். பெல்ட் ஓட்டும் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. குறுக்கே வந்தார்.

“தம்பியை ஒண்ணும் சொல்லாதீங்க முதலாளி. பாவம், அவரை நான் தனியா விடலை. ஒவ்வொரு தடவை தேதி தப்பா விழுறப்பவும், ஒத்தாசைக்கு நானும் பெல்ட் வேகத்தைக் கூட்டிக் குறைச்சுட்டுத்தான் இருக்கேன்.”