தாலியம்மன் கல்வட்டம்

செவ்வாய்க்கிழமையானால் மேல்பட்டாம்பாக்கத்துக்கு மேற்கே எந்த மினி பஸ்ஸிலும் கால் வைக்க இடமிருக்காது. அத்தனை பேரும் தாலியம்மன் பக்தர்கள். தாலியம்மன் யார் என்கிறீர்களா? முந்திரித் தோப்புக்குள் வட்டமாகக் கிடக்கும் பாறாங்கற்கள்தான். 2009-ஆம் ஆண்டில், ஒரு கையில் செல்போனும் மறு கையில் மஞ்சள் கயிறுமாகப் பெண்கள் அந்தக் கற்களைச் சுற்றி வந்தார்கள்.

பூசாரி வைத்திலிங்கம், போன வருஷம் வரை அதே தோப்புக்குக் காவல்காரர். "கல்லுக்கு அடியில தாலி இருக்குதுன்னு ஆத்தா கனவுல வந்து சொல்லுச்சு. வட்டத்துக்குள்ள புருஷனைப் படுக்க வைங்க. ஆஸ்பத்திரி வாசலை மட்டும் மிதிக்காதீங்க, தாலிக்கு ஆவாது" என்பார். அம்மனுக்கும் டாக்டருக்கும் அப்படி என்ன பங்காளிப் பகையோ, தெரியவில்லை.

லோகநாயகியும் நம்பினாள். அவள் புருஷன் இளவரசுக்குச் சர்க்கரை நோய். கால் விரல் கறுத்துவிட்டது. விரலை உடனே எடுக்காவிட்டால் காலே போய்விடும் என்று கடலூர் டாக்டர் சொல்லியும், அவனை வட்டத்துக்குள் கிடத்தி ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். நினைத்தால் வயிறு எரிகிறது.

அன்று பக்கத்துத் தோப்பிலிருந்து தொல்லியல் ஆய்வாளர் சரண்யா வந்தாள். அங்கேயும் இதே மாதிரி ஒரு கல்வட்டம். சுற்றித் தகரம் அடைத்துத் தோண்டிக்கொண்டிருந்தாள். இளவரசுவின் காலைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"சாமி, பக்கத்து வட்டத்தைத் தோண்டிட்டோம். அதுல என்னா இருந்துச்சின்னு உங்க ஆத்தாவைக் கேட்டுச் சொல்லுங்க. சரியா சொல்லிட்டா நானும் கயிறு கட்டுறேன்."

வைத்திலிங்கம் கண்ணை மூடினார். உடம்பு ஆடியது. "மெட்டி. வெள்ளி மெட்டி, ஒரு ஜோடி."

"வாங்க, எல்லாரும் பாத்துடலாம்."

கூட்டம் தகரத்துக்குள் நுழைந்தது. குழிக்குள் இடுப்புயர மண்பானை. அதற்குள் எலும்பு. மெட்டியும் இல்லை, கொலுசும் இல்லை.

"செத்தவங்களைப் பொதைச்ச பானை இது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. சுத்தி இருக்கிற கல்லு, இடுகாட்டுக்கு வெச்ச அடையாளம். இந்தப் பானைக்குத் தாழின்னு பேரு" என்றாள் சரண்யா.

"தாலியா?" என்றாள் லோகநாயகி.

"தாழிம்மா. நாக்கை மடிச்சுச் சொல்லுங்க. ரெண்டு வருஷம் முந்தி நாங்க அளக்க வந்தப்ப, டேப்பைப் புடிச்சது உங்க சாமிதான். அந்தக் கல்லுக்கு அடியிலயும் தாழி இருக்கும்னு அவருகிட்ட சொன்னது நான்தான்."

அடப்பாவி. நம் பக்கத்து நாக்கில் ழகரம் என்றைக்குத் தங்கியிருக்கிறது? இடுகாட்டுப் பானை சுமங்கலித் தெய்வமாகிவிட்டது. வைத்திலிங்கம் முந்திரி மரங்களுக்குள் நடையைக் கட்டினார்.

லோகநாயகி ஓடிப்போய்ப் புருஷனைத் தூக்கி நிறுத்தினாள். "வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"ஆத்தா கோச்சிக்குமே" என்றான் அவன்.

"கோச்சிக்கட்டும். அது பானை."

விரல் போயிற்று, கால் பிழைத்தது. மறு செவ்வாய் மினி பஸ்ஸில் கூட்டம் குறைந்துவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? தாலிக்காகக் கல்லைச் சுற்றும் தாய்மார்களே, தாலி கட்டியவன் காலையும் ஒருதரம் குனிந்து பாருங்கள். விழுந்து கும்பிட அல்ல, ஆறாத புண் இருக்கிறதா என்று பார்க்க.