பூநாரைக் கடை மருமகன்

காலண்டர் சீசனில் அச்சகத்தில் வேலை பார்ப்பவனை நம்பி எதையும் ஒப்படைக்கக் கூடாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவே சிவகாசியில் அவன் நடமாடுவான், டீ குடிப்பான், கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவான். ஆனால் ஆள் உள்ளே இருக்கமாட்டான். (படிக்கிற அச்சகக்காரர்கள் இதற்கும் தலையாட்டியிருப்பார்கள்.)

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். அப்போதுதான் எனக்குச் சாத்தூரில் பெண் நிச்சயமாகியிருந்தது. வருங்கால மாமனார் செல்லையா பிராய்லர் கோழிக்கடை வைத்திருந்தார். மாப்பிள்ளை அச்சாபீஸில் இருக்கும்போது வெளியே எதற்கு என்று காலண்டர் ஆர்டரை என்னிடம் தந்தார். வெள்ளைச் சேவல் படம். அடியில் கடையின் பெயர், அதற்குக் கீழே ‘உயிருடனும் உரித்தும் கிடைக்கும்’.

அதே வாரம் ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். பனிக்காலத்தில் அங்கே வந்திறங்கும் பறவைகளைச் சிலர் வலைவிரித்துப் பிடிக்கிறார்களாம். அதைத் தடுக்க வீடு வீடாகக் காலண்டர் கொடுக்கப்போவதாகச் சொன்னார். பூநாரைப் படம். அடியில் ‘நம் விருந்தாளி. பிடிக்காதீர், விற்காதீர், உண்ணாதீர்’.

படத்தை முதலில் அச்சடித்து அடுக்கிவிடுவோம். அடியில் வரும் எழுத்தைப் பிறகு கறுப்பு மையில் அடிப்போம். எந்த அடுக்குக்கு எந்த எழுத்து என்று குறித்துவைப்பது என் வேலை. பல ராத்திரி தூங்காத நான் இரண்டு அடுக்கின் மீதும் சாக்பீஸால் ‘பறவை’ என்று எழுதிவிட்டு, காகிதக் கட்டின் மேல் சாய்ந்து தூங்கிப்போனேன்.

மாமனார் கட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். ரோஸ் நிறத்தில், நீளக் கழுத்தோடு ஒரு பறவை. மாப்பிள்ளை தனக்காகப் புதுத் தினுசில் ஏதோ சீமைக்கோழி போட்டிருக்கிறார் என்று பெருமையோடு கடைத்தெரு முழுக்கக் கொடுத்துவிட்டார். அதில் ஒன்று வனத்துறை ஆபீஸுக்கு எதிரே இருந்த டீக்கடையில் தொங்கியது.

தகவல் வந்ததும் என் முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஏலே, உம் மாமனார ஃபாரஸ்ட் ஆபீஸ்ல உக்கார வச்சிருக்காகளாம். போயி என்னத்தயாச்சும் சொல்லிக் கூட்டிட்டு வா.”

நான் போனபோது மாமனார் கோழி ரத்தம் தெறித்த கைலியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க மாப்ளே,” என்றார். “சாப்பிட்டீகளா?” அந்த நிலைமையிலும் மரியாதை குறையவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரேஞ்சர் காலண்டரை மேசையில் விரித்தார். “பூநாரைய உயிரோட விக்கிறீக. உரிச்சும் விக்கிறீக. எங்கன பிடிக்கீக?”

“சார், அது எழுத்து மாறிப்போச்சு. ரெண்டுமே பறவைங்கிறதால…”

“ரெண்டும் பறவைன்னு எனக்கும் தெரியும்ப்பா.”

கல்யாணம் நின்றுவிட்டது என்று முடிவே செய்துவிட்டேன். வருத்தத்துக்கு முன்னால், இனி எங்காவது போய்த் தூங்கலாம் என்றுதான் தோன்றியது. (என் மனைவி இந்த வரியை இன்னும் மன்னிக்கவில்லை.)

அச்சகத்தில் விசாரித்துக்கொண்டு டீச்சரும் அங்கேயே வந்துசேர்ந்தார். கையில் சேவல் காலண்டர். அதன் காலடியில் ‘நம் விருந்தாளி. பிடிக்காதீர், விற்காதீர், உண்ணாதீர்’.

“நான் பாக்குறதுக்குள்ள பசங்க கட்டைப் பிரிச்சு வீடு வீடாக் கொடுத்துட்டாங்க. ஊர்ல எல்லாரும் கோவமா இருக்காங்க சார். இனிமே கோழியும் திங்கக் கூடாதான்னு கேக்குறாங்க,” என்றார்.

ரேஞ்சர் இரண்டு காலண்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. “பறவை வந்து எறங்கிருச்சு. இப்பக் கொடுக்காம எப்பக் கொடுக்கிறது?” என்று என்னைக் கேட்டார். சண்டை போடக்கூடத் தெம்பில்லாத குரல். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உண்மையிலேயே வெட்கம் வந்தது.

மறுபடி அச்சடித்து, நானே கட்டைச் சுமந்துகொண்டு போனேன். மாமனாரும் கூட வந்தார். வீடு வீடாகக் கொடுத்து, சேவலைக் கழற்றிப் பூநாரையை மாட்டினோம். சாயங்காலம் டீச்சர் எங்களைத் தண்ணீர் ஓரமாக அழைத்துப்போனார். தூரத்தில் ரோஸ் நிறக் கோடு ஒன்று அசைந்தது. பிறகு அந்தக் கோடு எழுந்து, இறக்கை விரித்துப் பறந்தது. எம்புட்டுத் தூரம் கடந்து வருதுகள் என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருந்தார். பல நாள் கழித்து அப்போதுதான் நான் முழுதாக விழித்திருந்தேன்.

மாமனார் வெகுநேரம் பார்த்தார். “இதுல என்னத்த கறி தேறும் மாப்ளே. காலுதான் இருக்கு. இதப் போயி பிடிக்கானே, அவன் மனுசனா?”

கல்யாணம் நடந்தது. சாத்தூரில் அது இன்றுவரை ‘பூநாரைக் கடை’தான். கேட்பவர்களுக்கெல்லாம் விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. போன வருடம் என் மகள் பள்ளியில், தாத்தா பூநாரைக் கடை வைத்திருக்கிறார் என்று சொல்லிவைக்க, வகுப்பாசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“அதெல்லாம் சரி சார். ருசி எப்படி இருக்கும்?”